கோட்டுக்குள் இருந்த கை

அந்தக் கார்ட்டூன் படத்தில் நெப்போலியன் தன் வலது கையைக் கோட்டுக்குள்ளிருந்து வெளியே எடுக்கவே மாட்டான். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அந்த ரீலை ஓட்டி, மைக்கைப் பிடித்துக் குரல் கொடுத்துவந்த நரசிம்மனுக்கு இது தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. படத்தை வரைந்த வெள்ளைக்காரன்கூட மறந்திருப்பான். அதனால்தான் பூஜைக்குச் சில நாள் முன்பு, கேன்டீன் ஜன்னல்களைச் சாத்திவிட்டு ரீலைச் சோதித்துக்கொண்டிருந்தபோது, கோட்டுப் பித்தான்களுக்கு நடுவே வெள்ளையாக ஒரு மணிக்கட்டு தெரிந்ததும் அவன் சட்டென்று ப்ரொஜெக்டரை நிறுத்தினான்.

ரீலைப் பின்னால் சுற்றி மறுபடி ஓட்டினான். இந்தத் தடவை மணிக்கட்டு இல்லை. பழையபடி கோட்டு, பழையபடி தொப்பி, தொப்பிமேல் உட்கார்ந்து வாலை ஆட்டும் பழைய அணில். கண்ணைத் துடைத்துக்கொண்டான். வெளியே புரட்டாசி மழை தகரக் கூரையில் விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. சூடேறிய பல்பிலிருந்து தூசு கருகும் வாடை வந்தது.

மூலையில் ஈரத் துணியால் மேஜைகளைத் துடைத்துக்கொண்டிருந்த கிளியம்மாள் கையை நிறுத்தாமலே கேட்டாள்.

"அந்த ஆளு கைய வெளில எடுக்கப் பாத்தான் இல்ல சார்?"

நரசிம்மனுக்குச் சுருக்கென்றது. "நீ உன் வேலையப் பாரும்மா," என்றான். அவள் பார்த்தாள். அடுத்த மேஜைக்கு நகர்ந்தாள்.

சுங்குவார்சத்திரம் தாண்டி, நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே திரும்பும் செம்மண் ரோட்டின் கடைசியில் இருந்தது அந்தக் கம்பெனி. ஸ்கூட்டருக்கும் மின்விசிறிக்கும் தகடு அடித்துக் கொடுப்பார்கள். நரசிம்மன் காஞ்சிபுரத்துக்காரன், பிரஸ் ஷாப்பில் சூப்பர்வைசர். வேலையில் கெட்டி, வாயில் அதைவிடக் கெட்டி. யார் நடையையும் யார் பேச்சையும் ஒரு தடவை பார்த்தால் போதும், அப்படியே செய்து காட்டி நாலு பேரைச் சிரிக்க வைத்துவிடுவான். எங்கோ மூடிப்போன ஒரு கிளப்பிலிருந்து முதலாளி அந்த ப்ரொஜெக்டரையும் ஒரே ஒரு கார்ட்டூன் ரீலையும் அள்ளிக்கொண்டு வந்தபோது, அதை ஓட்டும் பொறுப்பு இயல்பாகவே அவன் தலையில் விழுந்தது. ப்ரொஜெக்டரின் ஸ்பீக்கர் பெட்டி வந்தபோதே ஊமை. அதில் கரப்பான்கள்தான் குடியிருந்தன. அதனால் அணிலுக்கும் நெப்போலியனுக்கும் நரசிம்மனே மைக்கில் பேசினான். தமிழில் பேசினான், அதிலும் நம்ம பக்கத்துத் தமிழில். தொழிலாளர்களின் பிள்ளைகள் தரையில் உருண்டு சிரித்தார்கள்.

படம் ஒன்றும் பெரிய விஷயமில்லை. போருக்குக் கிளம்பும் நெப்போலியனை ஓர் அணில் படாத பாடு படுத்தும். தொப்பியைத் திருடும், குதிரை வாலில் முடிச்சுப் போடும், வாளின் நுனியில் ஏறி உட்கார்ந்து பருப்பு கொறிக்கும். நெப்போலியன் இடது கையாலேயே வாளை வீசுவான், இடது கையாலேயே துரத்துவான். கடைசியில் அணில் கோட்டுக்குள்ளேயே புகுந்து கிச்சுகிச்சு மூட்டும். அவன் விழுந்து புரளுவான். அப்போதும் வலது கை வெளியே வராது. வேடிக்கையே அதுதான்.

அந்த வேடிக்கையை ஒரு மனுஷன்மேல் கொண்டுபோய் ஒட்டியதுதான் நரசிம்மன் செய்த காரியம்.

பலராமன் வடக்குப்பட்டுக்காரன், கிளியம்மாளின் புருஷன். பவர் பிரஸ்ஸில் வேலை. அந்த மெஷினில் இரண்டு பட்டன். இரண்டு கையாலும் இரண்டையும் சேர்த்து அமுக்கினால்தான் மேலச்சு இறங்கும். கை இரண்டும் பட்டன்மேல் இருக்கும்போது அச்சுக்கு அடியில் எந்தக் கையும் இருக்க முடியாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. ஆனால் அவசர ஆர்டர் என்று வந்துவிட்டால் அந்த ஏற்பாடு சூப்பர்வைசர்களுக்குக் கண்ணில் விழுந்த தூசு. சவுக்குக் கட்டையில் ஒரு சின்ன ஆப்பு செதுக்கி வலது பட்டனில் அடித்து இறுக்கிவிட்டால், அது எப்போதும் அமுங்கியே கிடக்கும். ஒரு கை தகட்டை எடுத்து வைக்கும், ஒரு கை பட்டனைத் தட்டும், வேலை பறக்கும். அந்த ஏரியாவில் எல்லா பிரஸ் ஷாப்பிலும் இது நடந்துகொண்டுதான் இருந்தது. அன்றைக்கு ஆப்பை அடித்தது நரசிம்மன். பலராமன் வேண்டாம் என்றுதான் சொன்னான். "பயந்தாங்கொள்ளி," என்று சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்துவிட்டு அவன் அடித்தான். ஷிப்ட் முடிவதற்குள் பலராமனின் வலது கை மணிக்கட்டோடு போய்விட்டது.

விசாரணை என்று வந்தபோது, அதிக பீஸ் அடிக்கும் ஆசையில் பலராமனே ஆப்பு வைத்துக்கொண்டான் என்றான் நரசிம்மன். பலராமன் இல்லை என்றான். யார் சொல்வது நிஜம் என்று மேனேஜருக்குப் பிடிபடவில்லை. கம்பெனி வாசல் பிள்ளையார் முன்னால் சூடம் ஏற்றினார்கள். சூடத்தை அணைத்துப் பொய்ச் சத்தியம் செய்ய எவனுக்கும் நெஞ்சு துணியாது என்பது அங்கே எல்லாருக்கும் இருந்த நம்பிக்கை. நரசிம்மன் ஒரு நொடி யோசித்தான். வேலை போகும், கேஸ் வரும், காஞ்சிபுரத்தில் தலைகாட்ட முடியாது. வலது உள்ளங்கையால் எரியும் சூடத்தை அடித்து அணைத்தான். "நான் வெக்கல," என்றான்.

அதோடு விசாரணை முடிந்தது. கட்டுப்போட்ட கையோடு நின்றிருந்த பலராமன் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. சூடத்தை அணைத்த கையையே பார்த்துக்கொண்டிருந்தான். தன்னுடைய பொருள் அடுத்தவனிடம் இருப்பதைப் பார்ப்பதுபோல அப்படிப் பார்த்தான்.

பிறகு அவனை டீ கொண்டுபோகும் வேலையில் போட்டார்கள். மொட்டையாகிப்போன கையை வெளியே காட்டக் கூச்சப்பட்டு, சட்டைப் பித்தான்களுக்கு நடுவே செருகிக்கொண்டு வருவான். முதல் நாளே, கேன்டீன் நிறைந்திருந்த நேரத்தில், நரசிம்மன் எழுந்து நின்று சலாம் போட்டான். "வாங்க, நெப்போலியன்!" பிராந்தி பாட்டில் லேபிளிலும் அந்த முகத்தைப் பார்த்துப் பழகியவர்கள் ஆயிற்றே, கேன்டீனே அதிர்ந்தது. பலராமனும் சிரித்தான். வேறு என்ன செய்வான் பாவம்.

போன வருஷ ஆயுத பூஜையில் நரசிம்மன் ஒரு படி மேலே போனான். மைக்கில் நெப்போலியனுக்குப் பலராமனின் குரலையே கொடுத்தான். அதே வடக்குப்பட்டு இழுவை, அதே மூக்கடைத்த தொனி: "ஐயோ, என் கை எங்க கீது? ஏ அணிலு, நீ பாத்தியா?" பிள்ளைகள் திரையை விட்டுவிட்டுத் திரும்பிப் பலராமனைப் பார்த்துச் சிரித்தார்கள். அவன் மடியில் உட்கார்ந்திருந்த அவன் மகளும், அது என்னவென்று புரியாத வயசு, அப்பாவைப் பார்த்துக் கை தட்டிச் சிரித்தாள். அவன் அவளை மெல்ல இறக்கிவிட்டு வெளியே போனான். அன்று சாயங்காலம் நெடுஞ்சாலையில் லாரி அடித்துச் செத்தான். மழையில் ஆளே தெரியவில்லை என்றான் லாரிக்காரன்.

இரக்கப்பட்டு கிளியம்மாளுக்குக் கேன்டீனில் வேலை போட்டுக் கொடுத்தது கம்பெனி. நரசிம்மன் அதையும் தன் சிபாரிசு என்று சொல்லிக்கொண்டான்.

மணிக்கட்டு தெரிந்த அன்று ராத்திரி அவன் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தான். ரசம் சாதம். இரண்டு வாய் உள்ளே போனபிறகுதான் மனைவி உமாதேவி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவனை உற்றுப் பார்ப்பதைக் கவனித்தான்.

"இன்னாங்க இது, எடது கையால சாப்புடுறீங்க?"

குனிந்து பார்த்தான். இடது விரல்களில் சோறு ஒட்டியிருந்தது. வலது கை, எப்போது போனதென்றே தெரியவில்லை, சட்டைப் பித்தான்களுக்கு நடுவே உள்ளே செருகிக் கிடந்தது. நெஞ்சுமேல் தன் உள்ளங்கை இருப்பதையே அவன் உணரவில்லை. வேறு யாருடைய கையோ அங்கே படுத்திருப்பதுபோல இருந்தது. பதறி வெளியே இழுத்தான். விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கி நிமிர்ந்தன, கொஞ்சம் தாமதமாக, யாரோ சொல்லிக் கேட்பவைபோல.

"மரத்துப்போச்சு. ஈரத்துல நின்னது," என்றான்.

"சூடம் வாசன வருது உங்க கையில," என்றாள் அவள். "கோயிலுக்குப் போனீங்களா?"

அவன் போகவில்லை. சோப்பு போட்டுக் கழுவினான். சீயக்காய் போட்டுக் கழுவினான். மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்தான். உள்ளங்கையை மூக்கருகே கொண்டுபோனபோதெல்லாம் அப்போதுதான் அணைத்த சூடத்தின் புகை வாடை அடித்தது. படுத்தபிறகு தலையணைக்குள் ஒரு சத்தம். எலியாக இருக்கும் என்று தலையணையை உதறினான். இலவம்பஞ்சு தவிர உள்ளே ஒன்றும் இல்லை. காதை மறுபடி வைத்தால் மறுபடி அந்தச் சத்தம். கடினமான ஒன்றைச் சின்னப் பற்கள் பொறுமையாகக் கொறிக்கிற சத்தம், கொஞ்சம் கொறித்துவிட்டு நிறுத்தும், மறுபடி கொறிக்கும். விடியும்வரை கேட்டுக்கொண்டே கிடந்தான்.

மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாளும். வேலை நடுவில், பஸ்ஸில், டீக்கடையில், எங்கே கொஞ்சம் அசந்தாலும் கை தானாகச் சட்டைக்குள் போய்விடும். வெளியே எடுக்க ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூடுதலாக இழுக்க வேண்டியிருந்தது. பிரஸ் ஷாப்பில் இரண்டு பேர் அதைப் பார்த்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சிரிக்கவில்லை. அவர்கள் சிரித்திருந்தால் அவனுக்கு நன்றாக இருந்திருக்கும்.

எலெக்ட்ரீஷியன் ஜெபகுமாரைத் தனியாகக் கூப்பிட்டான்.

"ஜெபா, இந்த வருஷம் படம் வேணாம்பா. ரீலு தேஞ்சிபோச்சு."

"இன்னா சார் நீங்க? நேத்துகூட ஓட்டிப் பாத்தேனே, கண்ணாடி மாதிரி ஓடுது. பசங்க வருஷம் பூரா காத்துக்கினு கீதுங்க. நீங்க குரல் குடுக்கலன்னா அப்புறம் இன்னா பூஜ?"

"கையப் பாத்தியா நீ? நெப்போலியன் கைய?"

ஜெபகுமார் ஒரு மாதிரியாகப் பார்த்தான். "அவன் எங்க சார் கைய காட்றான்?"

மேனேஜரிடமும் போனான். அவர் காதிலேயே வாங்கவில்லை. "நம்ம கம்பெனியில அது ஒண்ணுதான்யா சந்தோஷம்," என்று தோளில் தட்டி அனுப்பினார்.

ஆயுத பூஜை விடிந்தது. மெஷின்களையெல்லாம் முந்தின நாளே கழுவித் துடைத்து விபூதிப் பட்டை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். பிரஸ் ஷாப்பில் மட்டும் மெயினை இறக்கிவிட்டார்கள். அன்றைக்கு எந்தக் கருவியையும் தொடக் கூடாது, அவையெல்லாம் ஓய்வெடுக்கும் நாள். பலராமனின் கையைத் தின்ற பிரஸ்ஸுக்கும் சாமந்தி மாலை போட்டிருந்தது. எல்லா நாளும் தடதடத்துக்கொண்டிருக்கும் இடம் அப்படி ஓசையற்றுக் கிடந்தபோது, அவனுக்கு அந்த மெஷின்கள் எல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு எதற்கோ காத்திருப்பதாகப் பட்டது.

பூஜை முடிந்து பூசணிக்காய் உடைத்து, பொரி கடலை வாங்கிக்கொண்டு கூட்டம் கேன்டீன் பக்கம் நகர்ந்தது. நரசிம்மன் மட்டும் வாசல் பிள்ளையாரிடம் நின்றான். ஏதோ வேண்டிக்கொள்ளலாம் என்று நினைத்தான். என்ன சொல்லி வேண்டிக்கொள்வது என்றுதான் தெரியவில்லை. பின்னால் தீக்குச்சி உரசும் சத்தம் கேட்டது.

கிளியம்மாள். வெற்றிலைமேல் ஒரு சூடத்தை வைத்துக் கொளுத்தி, பிள்ளையார் முன்னால் கல்லின்மேல் வைத்தாள். மழைத் தூறலிலும் அது நின்று எரிந்தது.

"சார், இதே எடத்துலதான சத்தியம் பண்ணீங்க. இன்னிக்கு ஒரு தபா உண்மைய சொல்லிடுங்க. எனக்கு வேற ஒண்ணும் வேணாம். ஆசப்பட்டு கைய வுட்டான்னு ஊரு பேசுது பாருங்க, அத மட்டும் மாத்திடுங்க. எம் பொண்ணு காதுல அது வுழக் கூடாது."

"பைத்தியமா உனக்கு? செத்தவன வெச்சி இப்ப இன்னா?"

"நானா கேக்கல சார்." அவள் குரலில் கோபம்கூட இல்லை. "அவருதான் கேட்டுக்கினு கீறாரு. படம் முடியறவரைக்கும் பொறுக்கறன்னாரு."

நரசிம்மன் எரியும் சூடத்தைப் பார்த்தான். சொல்லிவிடலாம். நான்தான் அடித்தேன், அவன் வேண்டாம் என்றான். ஐந்தே வார்த்தை. சொல்லிவிட்டால் இந்தக் கை திரும்பி வந்துவிடும் என்று அவன் உடம்பு முழுக்கத் தெரிந்தது. வாயைக்கூடத் திறந்தான். அப்போது கேன்டீன் பக்கமிருந்து யாரோ, "நரசிம்மன் சார், வாங்க, பசங்க கத்துதுங்க!" என்று கூப்பிட்டார்கள். எத்தனை மரியாதை அந்தக் கூப்பிடலில். நாளைக்கு இவர்களே காறித் துப்புவார்கள். மேனேஜர் சட்டையைப் பிடிப்பார். உமாதேவி தன் அம்மா வீட்டுக்குப் போய்விடுவாள்.

சட்டைக்குள்ளிருந்து வலது கையைப் பிடுங்கி எடுத்தான். எரியும் சூடத்தின்மேல் ஓங்கி அடித்தான்.

"நான் வெக்கல. போதுமா?"

சூடம் அணைந்தது. சூடு தெரியவில்லை. கையைத் திருப்பிப் பார்த்தான். உள்ளங்கை கரிப்பிடித்து, நடுவில் தோல் கொப்புளித்து எழும்பிக்கொண்டிருந்தது. எரிச்சல் இல்லை. வலி இல்லை. அடுத்தவன் கையைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"சரிங்க சார்," என்றாள் கிளியம்மாள். ஈரமான வெற்றிலையைப் பொறுக்கிக்கொண்டு போய்விட்டாள்.

கேன்டீன் ஜன்னல்களில் கோணிப்பைகளை ஆணி அடித்துத் தொங்கவிட்டிருந்தார்கள். நட்டநடு மத்தியானம், ஆனால் உள்ளே கண்ணுக்கு எட்டியவரை இருட்டு. நனைந்த துணி வாடையும் பொரியும் வெல்லமும் சந்தனமும் சேர்ந்து காற்று கனத்துக் கிடந்தது. தரையில் பிள்ளைகள், அவர்களுக்குப் பின்னால் பெண்கள், சுவரோரம் ஆண்கள். எல்லாரும் தெரிந்த முகங்கள், இருட்டில் முகங்கள்தான் தெரியவில்லை. ஜெபகுமார் மிச்சமிருந்த ஒரு விளக்கையும் அணைத்தான். ப்ரொஜெக்டர் கடகடவென்று சுற்றத் தொடங்கியது. வெள்ளைத் துணியில் வெளிச்சம் விழுந்ததும் பிள்ளைகள் ஹோவென்று கத்தினார்கள்.

மைக்கை இடது கையில் பிடித்திருந்தான் நரசிம்மன்.

முதலில் எல்லாம் சரியாகத்தான் போனது. கூடாரத்திலிருந்து நெப்போலியன் வந்தான். "டேய், யார்ரா அது என் தொப்பி மேல?" என்று நரசிம்மன் கரகரத்தான். சிரிப்பு எழுந்தது. அணில் வாலை ஆட்டியது. "உங்க மாமன்டா," என்று கீச்சுக்குரலில் சொன்னான். சிரிப்பு இன்னும் பெரிதாக எழுந்தது. அவனுக்கு உயிர் வந்தது. இத்தனை நாள் பயந்ததை நினைத்து அவனுக்கே வெட்கமாக இருந்தது. இதோ படம், இதோ பிள்ளைகள், ஒன்றுமே மாறவில்லை.

அணில் தொப்பியைத் திருட வேண்டிய இடம் வந்தது. அது திருடவில்லை.

தொப்பியிலிருந்து இறங்கியது. தரைக்கு வந்து படத்தின் நடுவில் உட்கார்ந்தது. முன்னங்கால்களைத் தூக்கிக்கொண்டு, மூக்கை மேலும் கீழும் அசைத்து எதையோ மோப்பம் பிடித்தது. பிறகு நேராக இந்தப் பக்கம் பார்த்தது. பிள்ளைகளை அல்ல. அவர்கள் தலைகளுக்கு மேலே, ப்ரொஜெக்டரின் பக்கம்.

படத்தின் ஓரத்துக்கு ஓடியது. ஓரத்தைத் தாண்டியது. துணியில் அது இல்லை.

பிள்ளைகள் சிரித்தார்கள். இதெல்லாம் எப்போதும் இருப்பதுதான் என்பதுபோலச் சிரித்தார்கள். திரையில் நெப்போலியன் தனியாக நின்றான். அவன் அணிலைத் தேடவில்லை. வாளை வீசவில்லை. கோட்டுக்குள் கையோடு அசையாமல் நின்று, அவனும் இந்தப் பக்கம்தான் பார்த்தான். அந்தப் பார்வையை நரசிம்மன் முன்பே பார்த்திருக்கிறான். பிள்ளையார் முன்னால்.

ஊமை ஸ்பீக்கர் பெட்டிக்குள் சத்தம் எழுந்தது. கொறிக்கும் சத்தம்.

காலில் ஏதோ உரசியது. குனிந்து பார்க்க முடியவில்லை, கழுத்து திரும்பவில்லை. கால்சட்டைத் துணியைப் பிடித்துக்கொண்டு மெத்தென்ற ஒன்று ஏறியது. முழங்கால். தொடை. இடுப்பு. சின்ன நகங்கள். பெல்ட்டைத் தாண்டியது. சட்டைக்குள் புகுந்தது. வயிற்றுத் தோலில் ஈர மூக்கு பட்டது.

வலது கை சட்டைக்குள்தான் இருந்தது. எப்போது போனது?

இழுத்தான். வரவில்லை. மறுபடி இழுத்தான். உள்ளே யாரோ பிடித்திருந்தார்கள்.

"ஜெபா, லைட்டப் போடு," என்று கத்த வாயைத் திறந்தான். மைக்கில் வந்தது வேறு குரல். வடக்குப்பட்டு இழுவை. மூக்கடைத்த தொனி.

"ஐயோ, என் கை எங்க கீது?"

சிரிப்பில் கேன்டீன் இடிந்தது. பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு புரண்டார்கள். "நரசிம்மன் சார் நரசிம்மன் சார்தான்," என்று யாரோ பெரியவர் மூச்சு வாங்கச் சொன்னார்.

சொல்லிவிட வேண்டும். இப்போதே சொல்லிவிட வேண்டும். வேலை போகட்டும், மானம் போகட்டும், எல்லாம் போகட்டும். நான்தான் ஆப்பை அடித்தேன். அவன் வேண்டாம் என்றான். பொய்ச் சத்தியம் செய்தேன். ஒவ்வொரு வார்த்தையையும் பல்லைக் கடித்து, தொண்டை நரம்பு புடைக்க, வெளியே தள்ளினான். மைக் அதை வாங்கிக்கொண்டு வேறொன்றாக்கிக் கொடுத்தது.

"ஏ அணிலு, நீ பாத்தியா?"

சிரிப்பு. மறுபடி தள்ளினான். நான்தான் வைத்தேன், சாமி சத்தியமாக நான்தான்.

"என் கை எங்க கீது?"

சிரிப்பு. கண்ணீர் வழிந்தது. இருட்டில் யாருக்கும் தெரியவில்லை. சட்டைக்குள் அந்த வாய் தன் வேலையைத் தொடங்கியிருந்தது. வலிக்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. சத்தம் மட்டும் கேட்டது, ஸ்பீக்கரில் பெரிதாக, நெஞ்சுக்குள் சின்னதாக, இரண்டும் ஒரே தாளத்தில். முதலில் மெதுவாக. பிறகு கடினமான இடம் வந்தது. நின்றது. மறுபடி தொடங்கியது. சட்டையின் முன்பக்கம் வெதுவெதுப்பாக நனைந்தது. சூடம் வாடை குப்பென்று எழுந்தது.

திரையில் நெப்போலியனின் கோட்டு அசைந்தது.

ஒரு பித்தான் கழன்றது. அடுத்த பித்தான். மணிக்கட்டு தெரிந்தது. கறுப்பும் வெள்ளையுமாக இருந்த அந்தப் படத்தில் அது மட்டும் மாநிறமாக இருந்தது. மெல்ல வெளியே வந்தது. ஐந்து விரலும் வந்தன. உழைத்துக் காய்த்த ஒரு மனுஷனின் கை இல்லை அது. எழுதிப் பழகிய, வழுவழுப்பான கை. உள்ளங்கை நடுவில் கரி. கரிக்கு நடுவில் கொப்புளம்.

நெப்போலியன் அதைக் கண்ணருகே கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தான். விரல்களை மடக்கினான். நிமிர்த்தினான். அளவு சரியாக இருக்கிறதா என்று பார்த்தான். முகம் மலர்ந்தது. அது பிராந்தி லேபிள் முகமாக இல்லை இப்போது.

முன்வரிசையில் ஒரு சின்னப் பெண் எழுந்து நின்றாள். பலராமனின் மகள். திரையைப் பார்த்து, "அப்பா," என்றாள்.

திரையில் இருந்தவன் அவளுக்குக் கையாட்டினான். பிறகு இரண்டு கைகளையும் சேர்த்துத் தட்டினான். ஒரு தடவை. இன்னொரு தடவை. அந்தச் சத்தம் தெளிவாகக் கேட்டது. பிள்ளைகள் கூடச் சேர்ந்து தட்டினார்கள். பெண்கள் தட்டினார்கள். சுவரோரம் ஆண்கள் தட்டினார்கள். கதவருகே கிளியம்மாள் நின்று, சிரிக்காமல், நிதானமாகத் தட்டினாள். ஒருவர் பின் ஒருவராக எல்லாரும் திரையை விட்டுவிட்டு நரசிம்மன் பக்கம் திரும்பினார்கள். இருட்டில் நூறு ஜோடிக் கைகள் ஒரே தாளத்தில் எழுந்து எழுந்து விழுந்தன. தட்டுடா, தட்டுடா என்று கேட்பதுபோல இருந்தது.

அவன் இடது கை மைக்கை நழுவவிட்டு, காற்றில் தனியாக, எதிலும் படாமல், தட்டிக்கொண்டே இருந்தது.